கோல் வேண்டாத கோல்கீப்பர்

முடிச்சூர், பெருங்களத்தூர், மேற்குத் தாம்பரம், கிழக்குத் தாம்பரம் ஆகிய நாற்றிசைகளிலும் வாழும் பெருமக்களும், ரயிலில் அவ்வழியே கடந்து போகிறவர்களும் கேட்டு மெய்சிலிர்க்க வேண்டிய செய்தி இது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, இந்தியக் கால்பந்தின் தலையெழுத்து திருத்தி எழுதப்பட்டது. எழுதியவரிடம் பேனா இல்லாததால் பக்கத்தில் நின்ற பிரின்ஸிபாலின் சட்டைப்பையிலிருந்து எடுத்து எழுதினார். திருப்பித் தரவில்லை.

எழுதியவர் ஏகநாதன் பொறியியல் கல்லூரியின் நிறுவனர், தலைவர், தாளாளர், 'கல்விப் பேரொளி' ஏகநாதன். பேரொளி ஆவதற்கு முன் அவர் முடிச்சூரில் வயல்களை வாங்கி மனைகளாக்கி விற்றுக்கொண்டிருந்தார். ஏகநாதன் நகர் முதல் பகுதி விற்றது, இரண்டாம் பகுதி விற்றது, மூன்றாம் பகுதியும் விற்றது. நான்காம் பகுதியில் மட்டும் ஐப்பசி பிறந்தால் முழங்கால் தண்ணீர் நின்றது. மனை பார்க்க வந்தவர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த வழியே போனார்கள். அந்த இடத்தில்தான் கல்விப் பணி ஆற்றுவது என்று அவர் முடிவு செய்தார்.

முந்தின நாள் டி.வி.யில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் காட்டியிருந்தார்கள். தாளாளரை அதில் கவர்ந்தது ஆட்டமல்ல, மைதானத்தைச் சுற்றி நின்ற விளம்பரப் பலகைகள். "இவ்ளோ பெரிய காலி மனை, சுத்தி இத்தனை போர்டு! நம்மகிட்டயும்தான் மனை கீது. டீம் எங்கய்யா?" என்று பிரின்ஸிபாலைக் கேட்டார். டீம் இல்லை. உத்தரவு போட்டார்.

உத்தரவு உடற்கல்வி இயக்குநர் பட்டாபிராமனிடம் வந்து சேர்ந்தது. அவர் கேரம் ஆட்டக்காரர். அந்தக் காலத்தில் மாவட்ட அளவில் ஆடியவர். வெயிலில் நிற்கும் விளையாட்டு எதையும் அவர் விளையாட்டாக மதித்ததில்லை. கால்பந்து அணியில் சேர விருப்பமுள்ளோர் வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டு மைதானத்தில் காத்திருந்தார். இரண்டு எருமைகள் வந்தன.

கொதித்துப் போன தாளாளர் இன்னொரு உத்தரவு போட்டார். அணியில் ஆடுகிறவர்களுக்கு ஆட்டத்தன்று ஓ.டி., அதாவது வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகவே வருகைப் பதிவு. அதோடு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பயிற்சி நாள் என்று மேலும் இரண்டு நாள் ஓ.டி. எந்த இரண்டு நாள் என்று உத்தரவு சொல்லவில்லை. கடந்துபோன நாளாகவும் இருக்கலாம்.

மறுநாள் மைதானத்தில் ஒரே கூட்டம். எருமைகளுக்கு நிற்க இடமில்லை. வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பந்து உருண்டை என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் எழுபத்தைந்து சதவீதம் வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவர்களில் மதியழகனின் கதைதான் படுமோசம். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வருகிறவன், மூன்றாம் ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ். கல்லூரி பஸ் கேளம்பாக்கத்துக்கு ஆறரைக்கு வரும். மதியழகன் எட்டரைக்கு எழுவான். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வந்து வலையை உதறிக்கொண்டிருப்பார், அம்மா குப்பம்மா மீன்கூடையோடு தாம்பரம் மார்க்கெட் போய் வியாபாரத்தில் பாதி முடித்திருப்பாள், இவன் போர்வைக்குள் இருப்பான்.

"கடலுக்குப் போற வூட்ல பொறந்து சூரியன் மொளைக்கிறத பாக்காத ஒரே புள்ள இவன்தான்" என்பாள் குப்பம்மா. ஆனாலும் மார்க்கெட்டில் யாரிடம் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் 'எங்க இஞ்சினீரு' வந்துவிடுவான்.

போகாத வகுப்பைப் பற்றி அவன் கவலைப்பட்டதில்லை. மருத்துவச் சான்றிதழ் என்ற ஒன்று இருக்கிறதே. ஆனால் மஞ்சள் காமாலை போன செமஸ்டரிலேயே செலவாகிவிட்டது. டைபாய்டு அதற்கு முந்தின செமஸ்டரில். இந்த முறை மிச்சமிருந்தது கால்பந்துதான்.

அதுவும் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தாங்க முடியாதது புஷ்பலதா. அவன் தங்கை, அதே கல்லூரி, அதே எலெக்ட்ரானிக்ஸ், ஒரு வருடம் கீழே. பஸ் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நிற்கிற ஜாதி. இவன் தேர்வு எழுத முடியாமல் போனால் அடுத்த ஜூலையில் அதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும், அவளோடு.

"ண்ணா, என் க்ளாஸுக்கு வந்தா உனுக்கு முன் பெஞ்சா, பின் பெஞ்சா? இப்பவே சொல்லிடு, எடம் புடிச்சி வெக்கிறேன்" என்றாள் ஒருநாள் சோறு தின்றுகொண்டே.

"வாய மூடிகினு துன்னுடி."

"மரியாத, மரியாத. க்ளாஸ் லீடரு நான். லேட்டா வந்தா பேர் எழுதுவேன்."

"இன்னாடி சொல்றான் உங்கண்ணன்?" என்றாள் உள்ளேயிருந்து குப்பம்மா.

"ஃபுட்பால் ஆடப் போறாராம்மா. இந்தியாவுக்கு."

மதியழகனுக்கு ஓட வராது. ஓடாமல் நிற்கிற இடம் எது என்று விசாரித்து கோல்கீப்பர் ஆனான். ஆகஸ்ட் முடிவதற்குள்ளாகவே பத்து நாள் குறைகிறது, ஐந்து ஆட்டம் ஆடினால் பயிற்சி நாள்களே பத்து; மிச்ச நாளெல்லாம் ஒழுங்காகப் போய்விட்டால் கரையேறிவிடலாம் என்று கணக்குப் போட்டான். அந்த வாரத்திலிருந்து பஸ்ஸுக்கு முதல் ஆளாக நின்றான். குப்பத்தில் பயந்துபோய் வேப்பிலை அடிக்கலாமா என்று கேட்டார்கள்.

பட்டாபிராமன் பயிற்சி கொடுத்தார். நாற்காலி போட்டு, குடை பிடித்துக்கொண்டு.

"ஆங்கிள் பாருங்கப்பா, ஆங்கிள்! நேரா அடிக்காதே. போஸ்ட்ல பட்டுத் திரும்பி உள்ள போகணும்."

"சார், இது கேரம் இல்ல சார்" என்றான் ஆனந்தன். முன்வரிசை ஆட்டக்காரன், அணியிலேயே பந்தைக் காலால் தொட்ட அனுபவம் உள்ள ஒரே ஆள்.

"எல்லா கேமும் ஒண்ணுதாம்பா. கடைசியில பாக்கெட்ல போடணும்."

செப்டம்பரில் புறநகர்ப் பொறியியல் கல்லூரிகளின் சுழற்கோப்பைப் போட்டி தொடங்கியது. எட்டு அணிகள். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போட்டிச் செயலாளர் சிட்லபாக்கத்தைச் சேர்ந்த ஸ்ரீநிவாசராகவன், ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர். ஆட்டம் சமமானால் பெனால்டி உதை என்று உலகமே ஒப்புக்கொண்ட வழக்கத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"அது சூதாட்டம் சார். சமமா ஆடினாளா, அடுத்த வேலை நாள்ல திரும்ப ஆடட்டும். யாருக்கு என்ன அவசரம்?"

அணிகளுக்கு விதிகளை விளக்கிய அந்தக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த மதியழகன் இதைக் கேட்டுக் கண் விழித்தான். வெளியே வந்ததும் ஆனந்தனின் தோளைப் பிடித்தான்.

"மச்சான், மறுபடி ஆடறதும் ஒரு மேட்ச்சுதானே?"

"ஆமா."

"அப்ப அதுக்கும் ஓ.டி., அதுக்கும் ரெண்டு பயிற்சி நாளு. ஜெயிச்சா ஒரு மேட்ச்சு, ட்ரா பண்ணா ரெண்டு மேட்ச்சு. நாம இன்னாத்துக்குடா ஜெயிக்கணும்?"

கால்பந்துக் கலைக்கு முடிச்சூர் அளித்த கொடை இதுதான். முதல் ஆட்டத்தில் பத்துப் பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்பதைப் போல நின்றார்கள். பந்து வந்தால் யார் மேலாவது பட்டுத் திரும்பியது. பட்டாபிராமன், "பார்த்தியா, ரிபௌண்ட்!" என்று பூரித்தார். கோலில்லாமல் முடிந்தது. மறு ஆட்டத்துக்கு எதிரணி வரவே இல்லை. அவர்கள் கல்லூரியில் இரண்டாவது ஓ.டி. கொடுக்க மறுத்துவிட்டார்கள். மைதானத்தில் வந்து நின்றதே ஓர் ஆட்டம் என்று கணக்காகி, ஏகநாதன் கல்லூரி வென்றதாக அறிவிக்கப்பட்டது.

அரையிறுதியும் அப்படியே கோலில்லாமல் போனது. மறு ஆட்டத்துக்குள் எதிரணிக்கு சிக்குன்குனியா வந்துவிட்டது. அந்த வருடம் ஊரில் பாதிப் பேர் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எதிரணி கோல்கீப்பர் நிற்கவே கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆனந்தன் காலில் பட்டு ஒரு பந்து கோலை நோக்கி மெதுவாக உருண்டது. குனிந்தால் எடுத்துவிடலாம். அவனால் குனிய முடியவில்லை. பந்து அவனைக் கடந்து போவதை இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாரி பாஸ், அதுவா போச்சு" என்றான் ஆனந்தன்.

"பரவால்ல பாஸ். கொஞ்சம் கைய குடுங்க, ஒக்காரணும்."

தாம்பரம் ரயில் நிலையத்துக்கு எதிரே பேனர் எழுந்தது. 'தோல்வியறியா முடிச்சூர் சிங்கங்கள்!' தாளாளர் தண்ணீர்த் தொட்டி உயரத்துக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் தபால்தலை அளவில் பதினொரு சிங்கங்கள் இருந்தன. உற்றுப் பார்த்தால் நான்காவது சிங்கம் கொட்டாவி விடுவது தெரியும். அதுதான் மதியழகன்.

நான்கு ஆட்டம் முடிந்து எட்டுப் பயிற்சி நாள்கள் வந்துவிட்டன. குப்பத்தில் குறட்டை விட்டுக் கழித்த எட்டு நாள்கள் பந்து பிடிக்கப் பழகிய நாள்களாக மாறிவிட்டன. இன்னும் ஒரே ஆட்டம். அது இறுதி ஆட்டம், அதுவும் சொந்த மைதானத்தில், ஒரு வெள்ளிக்கிழமை. ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி. ஆடினால் போதும். மதியழகன் வீட்டில் விசிலடித்தபடி திரிந்தான்.

புதன்கிழமை தாளாளர் சுற்றறிக்கை விட்டார். சரித்திரப் புகழ் பெறப்போகும் இறுதி ஆட்டத்தை மாணவச் செல்வங்கள் அனைவரும் கண்டு களிக்கும் பொருட்டு வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு விடுமுறை.

மறுநாள் காலை பஸ்ஸில் புஷ்பலதா வலிய வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ண்ணா, லீவு வுட்டாங்களே, கேட்டியா?"

"கேட்டேன். அதுக்கு இன்னா இப்ப?"

"இல்ல, லீவு நாள்ல ஏது அட்டெண்டன்ஸு? அட்டெண்டன்ஸ் இல்லாத நாள்ல ஏது ஓ.டி.?"

மதியழகன் விசிலை நிறுத்தினான். பஸ் நின்றதும் பட்டாபிராமனின் அறைக்கு ஓடினான். அந்த செமஸ்டர் முழுக்க அவன் ஓடியது அன்றுதான்.

"கம்ப்யூட்டர்ல அந்த தேதியே ஓப்பன் ஆகாதேப்பா" என்றார் அவர். வருகைப் பதிவுக்காகத் தாளாளர் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்த புது சாஃப்ட்வேர் அது.

"சார், பயிற்சி நாளாவது?"

"கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் மேட்சே நடக்கலை. நடக்காத மேட்சுக்கு எப்படிப்பா பயிற்சி எடுத்திருப்ப?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. வழி ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை ஆட்டம் சமமாக வேண்டும். மறு ஆட்டம் திங்கட்கிழமை, வேலை நாள். அதோடு செமஸ்டர் வகுப்புகளும் முடிகின்றன. மதியழகன் சிங்கங்களைக் கேன்டீன் பின்னால் கூட்டினான்.

"மச்சான், நாங்கல்லாம் கரையேறிட்டோம்" என்றான் ஆனந்தன். "கப்பு வாங்கினா கோவா டூரு கூட்டிகினு போறேன்னு தாளாளர் சொல்லிகீறாரு."

"நான் முழுவிகினு கீறேன், உனுக்கு கோவா கேக்குதா? கப்பு எங்கடா ஓடிப் போவுது? வெள்ளிக்கிழம ட்ரா பண்ணுங்க, திங்கக்கிழம ஜெயிச்சிக்குங்க."

சிங்கங்கள் மெல்ல நகரத் தொடங்கின. மதியழகன் வழியை மறித்தான்.

"எல்லாருக்கும் எங்கம்மா கையால வஞ்சிரம் வறுவல்."

"வஞ்சிரமா? அப்புறம் சங்கராவ போட்டு ஏமாத்தக் கூடாது."

"அம்மா மேல சத்தியம்டா."

நட்பு வென்றது.

வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் மழையில் ஏகநாதன் நகர் நான்காம் பகுதி தன் பழைய சுபாவத்தை லேசாகக் காட்டியிருந்தது. தெற்கு கோல் முன்னால் சேறு பளபளத்தது. வடக்கிலிருந்து காற்று தூக்கிக்கொண்டு போயிற்று. ஷாமியானாவின் ஒரு மூலையை இரண்டு அட்டெண்டர்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குப்பம்மா அன்றைக்குக் கடையைப் பக்கத்துக் கடை முனியம்மாவிடம் விட்டுவிட்டு, மகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் தாளாளர். கையில் மைக்.

எதிரணி சோழிங்கநல்லூர்ப் பக்கம். உண்மையிலேயே ஆடத் தெரிந்தவர்கள். அலை அலையாக வந்தார்கள்.

"வுடாதே! நம்ம எல்லைக்குள்ள ஒருத்தனையும் வுடாதே! காம்பவுண்டு போடு, காம்பவுண்டு!" என்று தாளாளர் மைக்கில் முழங்கினார்.

மதியழகன் தாவினான். இடப்பக்கம் விழுந்தான், வலப்பக்கம் விழுந்தான், நெஞ்சால் தடுத்தான், ஒருமுறை மூக்கால் தடுத்தான். ஒவ்வொரு பந்திலும் அவனுக்குப் புஷ்பலதாவின் முகம் தெரிந்தது. அவனிடம் இப்படி ஒரு திறமை இருப்பது அவனுக்கே அன்றுதான் தெரியும். கூட்டம் அவன் பெயரைக் கத்தியது. குப்பம்மா பக்கத்தில் இருந்த பேராசிரியையின் தொடையில் அடித்து, "எம் புள்ள! எம் புள்ள!" என்றாள்.

இரண்டாம் பாதியில் ஒரு விபரீதம் நேர்ந்தது. எதிரணி மொத்தமும் முன்னேறி வந்திருந்தபோது பந்து தெறித்து ஆனந்தன் காலடியில் விழுந்தது. அவன் பழக்கதோஷத்தில் ஓடிவிட்டான். எதிரே கோல்கீப்பரும் இல்லை, அவன் வழுக்கி விழுந்து கிடந்தான்.

"அட்றா! அட்றா!" என்றது கூட்டம்.

"மச்சான், வஞ்சிரம்!" என்று மைதானத்தின் மறுகோடியிலிருந்து ஓர் அலறல் கேட்டது.

ஆனந்தன் நின்றான். காலி கோலைப் பார்த்தான். பிறகு குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான்.

"என்ன நிதானம்! பார்த்தேளா?" என்றார் ஸ்ரீநிவாசராகவன், பக்கத்திலிருந்த பிரின்ஸிபாலிடம். "இந்தக் காலத்துப் பையனுக்கு இவ்வளவு நிதானம் வராது."

நேரம் முடியப்போகிறது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பந்து மதியழகன் கையில் வந்து சேர்ந்தது. இதை எங்காவது தொலைதூரத்துக்கு, வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து மனையின் தண்ணீருக்குள் அனுப்பிவிட்டால் தேடி எடுத்து வருவதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். அவன் பின்வாங்கினான். இரண்டு எட்டு ஓடி வந்தான். பஸ், போர்வை, கம்ப்யூட்டர், க்ளாஸ் லீடர் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு உதைத்தான்.

அவன் அப்பன், பாட்டன் எவரும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்காமல் கடலில் கால் வைத்ததில்லை. அவர்களெல்லாம் விடியுமுன் எழுந்து பார்த்தவர்கள். இவன் பார்க்கவில்லை. வேலியை நோக்கிக் கிளம்பிய பந்தை வாடைக்காற்று ஏந்தி, மேலே தூக்கி, நேராகத் திருப்பி, தெற்கு நோக்கிக் கொண்டுபோயிற்று. எதிரணி கோல்கீப்பர் முன்னால் வந்து நின்றிருந்தான். பந்து அவனுக்கு முன்னால் தரையில் குத்தி அவன் தலைக்கு மேல் எழும்பியது. அவன் திரும்பினான், சேற்றில் வழுக்கி உட்கார்ந்தான். பந்து குதித்துக் குதித்து, கம்பத்தில் பட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

"ரிபௌண்ட்!" என்று கத்திய பட்டாபிராமன் குடையைக் காற்றில் விட்டுவிட்டார்.

விசில் ஊதியது. மைதானம் பொங்கியது. தாளாளர் கோல் என்று சொல்வதற்குப் பதில் "ரெஜிஸ்டர் ஆயிடுச்சி! ரெஜிஸ்டர் ஆயிடுச்சி!" என்று மைக்கில் கூவினார். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மதியழகனை, ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

"இன்னாடா இப்டி பண்ட்ட?" என்றான் கீழிருந்து தூக்கியவர்களில் ஒருவனான ஆனந்தன்.

"காத்துடா!"

"அப்ப வஞ்சிரம்?"

முன்வரிசையில் புஷ்பலதா சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். மகனை வாழ்த்தக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த குப்பம்மாவின் காதில் அவள் ஏதோ சொன்னாள். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு தோளிலிருந்து இறக்கப்பட்ட மகனின் தலையில் நங்கென்று ஒரு குட்டாக இறங்கியது.

"காத்து பாக்காம ஒதைப்பியாடா? நீயெல்லாம் கடலுக்குப் போற வூட்டுப் புள்ளயாடா?"

மேடையில் தாளாளர் கோப்பையை ஒரு கையிலும் மதியழகனை மறு கையிலும் பிடித்துக்கொண்டார். "இந்த மாவீரனுக்கு என்ன வேணும்? கேள் தம்பி! எது கேட்டாலும் தர்றேன்!"

மதியழகன் மைக்கில் தொண்டையைக் கனைத்தான். "சார், ரெண்டு நாள் அட்டெண்டன்ஸ் சார்."

தாளாளரின் கண்கள் கலங்கின.

"பாத்தீங்களா! கப்ப ஜெயிச்ச நேரத்துலயும் வகுப்பத்தான் நெனைக்கிறான்! இவனல்லவோ மாணவன்!" கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார். "ஆனா தம்பி, இது ஏகநாதன் கல்லூரி. இங்க சிபாரிசுக்கு எடமில்ல. கம்ப்யூட்டர் என்ன சொல்லுதோ அதான் சட்டம். என் சொந்தப் புள்ளையா இருந்தாலும் அதான். இந்த வெற்றிய முன்னிட்டு திங்கக்கிழமையும் லீவு!"

கைதட்டலில் ஷாமியானாவின் மூலையைப் பிடித்திருந்த அட்டெண்டர்களும் கலந்துகொண்டதால் ஷாமியானா சரிந்தது.

புது பேனர் வந்தது. இந்த முறை மதியழகன் தாளாளரின் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தான். அடுத்த ஆண்டுக்கான கல்லூரி விளம்பரப் புத்தகத்தின் அட்டையிலும் அவன்தான், காற்றில் காலைத் தூக்கியபடி. கீழே 'எங்கள் மாணவர்கள் இலக்கைத் தவறவிடுவதில்லை' என்று போட்டிருந்தது.

ஜூலையில் வகுப்புகள் தொடங்கின. மதியழகன் தங்கைக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்தான்.